நடுவில் இருந்த மஞ்சள்

ரத்தினசாமியிடம் நான் எட்டு மாதம் பொய் சொன்னேன். மாதத்துக்கு ஒன்று. முதல் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி வாக்கில், சத்துவாச்சாரியில் எங்கள் ஆராய்ச்சிக்கூடம் இருந்த கட்டடத்தின் இரண்டாவது மாடியில், செருப்பு விடும் இடத்தில் நின்றபடியே சொன்னேன்.

"இன்னா சார், எப்டிக்கீது என்னோடது?" என்று கேட்பார்.

"நல்லா இருக்குண்ணா. வளருது."

அவர் தலையாட்டிவிட்டு, கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போவார். நான் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு உள்ளே போவேன்.

நான் ஞானசீலன். அப்போது அங்கே சீனியர் டெக்னீஷியன். சுத்தம் என் பழக்கம் என்று நான் சொல்வேன். வியாதி என்று என் மனைவி சொல்வாள். என் அறைக்குள் யாரும் வெறுங்காலோடு நுழைய முடியாது, பேசிக்கொண்டே வேலை செய்ய முடியாது, வாசலில் நின்று எட்டிப்பார்க்கக்கூட முடியாது. பேரணாம்பட்டில் உப்புத்தோல் பிரிக்கிறவரின் மகனாகப் பிறந்து, பதினெட்டு வயது வரைக்கும் சாப்பாட்டுத் தட்டிலும் அந்த வாடையோடு வளர்ந்தவன் நான். அதிலிருந்து தப்பித்து வந்த இடம் அந்த அறை. ரத்தினசாமி வந்து நின்றால் அதே வாடை மாடிப்படி வழியாக ஏறி வந்துவிடும். அவரை வாசலோடு அனுப்பியதற்கு அதுவும் ஒரு காரணம். மறைக்க விரும்பவில்லை.

'அவருடையது' என்றால் அவருடைய முட்டியிலிருந்து வந்த செல்கள். 2004 ஏப்ரலில் அவருக்கு முட்டியில் ஆபரேஷன் நடந்தது. உள்ளே பெயர்ந்து கிடந்த குருத்தெலும்புத் துணுக்குகளை எடுத்தார்கள். குப்பைக்குப் போக வேண்டியதை ஆராய்ச்சிக்குக் கேட்டு வாங்கியது எங்கள் டாக்டர் ரஃபத் ஜஹான் மேடம். இதனால் அவருடைய முட்டி சரியாகாது, பத்துப் பதினைந்து வருஷம் கழித்து வேறு யாருக்காவது உதவினால் உண்டு என்று மேடம் தெளிவாகவே சொல்லித்தான் ஒப்புதல் படிவத்தை நீட்டினார். அந்தப் படிவத்தின் கடைசி வரி, இந்த ஆய்வைப் பற்றி எப்போது வேண்டுமானாலும் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்பது. கையெழுத்துப் போட்டவர்கள் முப்பது பேருக்கு மேல் இருப்பார்கள். அந்த வரியை நம்பி வந்தவர் ரத்தினசாமி ஒருவர்தான்.

ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் ட்ரம் மேஸ்திரி அவர். ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு இருக்கும் மர ட்ரம்மில் தோலும் தண்ணீரும் மருந்தும் சுழலும். எப்போது எதைப் போடுவது, எப்போது நிறுத்துவது என்று சொல்கிற ஆள். இருபத்திரண்டு வருஷம் ஈரத்தோல் தூக்கியதில் முட்டி தேய்ந்துவிட்டது. ஆபரேஷனுக்குப் பிறகு கம்பெனி அவரை கேட்டில் உட்கார வைத்துவிட்டது. வண்டி நம்பர் எழுதும் வேலை.

டாக்டர் ரஃபத் ஜஹானைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் மேலே போக மனசில்லை. வாணியம்பாடிக்காரர். அந்தக் குடும்பத்தில் ஆண்கள் எல்லோரும் தோல் வியாபாரம், இவர் மட்டும் படிப்பு. வேலையில் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. தப்பு நடந்தால் முதலில் தன்னுடைய நோட்டைத்தான் புரட்டிப் பார்ப்பார். ஒரு பரிசோதனை கெட்டுப்போனால் நான் இரண்டு நாள் உர்ரென்று இருப்பேன். அவர் மறுநாள் காலையே, "ஞானசீலன், இன்னைக்குப் புதுசா ஒண்ணு தோணுது" என்று வருவார். இப்படிப்பட்டவரோடு வேலை செய்யக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

அவர் கையிலிருந்த பொருளும் சாதாரணமானதில்லை. பெப்டைட் என்ற வெள்ளைப் பொடி. கடுகளவு எடுத்துத் தண்ணீரில் போட்டால் கரைந்து காணாமல் போய்விடும். பார்த்தால் வெறும் தண்ணீர், கொஞ்சம் புளிப்பு ஏறிய தண்ணீர். செல்கள் தின்று வாழ்வதற்கென்று ரோஸ் நிறத்தில் ஒரு சத்துநீர் உண்டு, உப்புகள் கலந்தது. அதை மேலே ஊற்றினால் போதும். கரைந்து கிடந்த துகள்கள் ஒன்றோடொன்று தோள் சேர்ந்து நிற்க ஆரம்பிக்கும். தண்ணீரை விரும்பும் பக்கம் வெளியே, தண்ணீருக்குக் கூச்சப்படும் பக்கம் உள்ளே. வரிசை நூலாகும், நூல் வலையாகும், கண்ணெதிரே தண்ணீர் இளநுங்கு போலத் திரண்டு நிற்கும். நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்குக்கும் மேல் தண்ணீர், மிச்சம்தான் வலை. பின்னியவர் யாரும் கிடையாது. முதல் தடவை பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. பிறகு ஒவ்வொரு தடவையும்தான்.

அந்த வலைக்குள் செல்களை உட்கார வைக்க வேண்டும் என்பதுதான் வேலை. தட்டில் வளர்க்கும் செல் தரையில் ஒட்டித் தட்டையாகக் கிடக்கும். குருத்தெலும்புச் செல் அப்படிக் கிடந்தால் தான் யார் என்பதையே மறந்துவிடும். நாலாபுறமும் தாங்கிப் பிடிக்கும் வலைக்குள் இருந்தால் உருண்டையாக, உடம்புக்குள் இருப்பதுபோலவே இருக்கும், தன்னைச் சுற்றிப் புதுக் குருத்தெலும்பைக்கூடச் சுரக்கும்.

ரத்தினசாமியின் செல்கள் மே, ஜூன் இரண்டு மாதமும் தட்டில் அருமையாக வளர்ந்தன. அந்த இரண்டு மாதமும் நான் அவரிடம் சொன்னது உண்மை. அவற்றை நான்கு சின்னக் குழாய்களில் பிரித்து உறையவைத்தோம். ஜூலையில் முதல் குழாய். மறுநாள் சாயம் போட்டுப் பார்த்தோம். உயிருள்ள செல் பச்சையாக ஒளிரும், செத்தது சிவப்பாக. மேலோட்டமாக ஒரு படலம் பச்சை. அதற்குக் கீழே முழுக்கச் சிவப்பு.

ஆகஸ்ட் முதல் செவ்வாய்க்கிழமை அவர் வந்து நின்றார். என்ன சொல்வது? வளருது என்றேன். ஒரு தடவை சொன்ன பொய்யை அடுத்த மாதம் எப்படித் திருத்துவது?

மேடம் காரணம் தேடினார். உள்ளே காற்றும் சத்தும் போகவில்லையோ என்று செல்களைக் குறைத்துப் பார்த்தார், சத்துநீரை மாற்றிப் பார்த்தார். அக்டோபரில் இரண்டாவது குழாயும் ஜனவரியில் மூன்றாவதும் அதே மாதிரி போயின. குருத்தெலும்புச் செல் கொஞ்சம் காற்றிலேயே பிழைக்கிற ஜாதி, இது ஏன் ஒரே நாளில் சாகிறது என்று அவர் தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருந்தார். மிச்சம் ஒரு குழாய்தான். பொடியும் ஒரே ஒரு பரிசோதனைக்குத்தான் இருந்தது. மற்றவர்களுடைய செல்கள் எதுவும் இந்த அளவுக்குத் தேறவில்லை. இன்னொரு தடவை ரத்தினசாமியின் முட்டியைத் திறக்கவும் முடியாது. இந்தக் குழாயும் போனால் அவரிடமிருந்து எடுத்தது எல்லாமே வீண்.

மார்ச் மாதம் முதல் செவ்வாய். வழக்கம்போல வந்தார், கேட்டார். "நல்லா இருக்குண்ணா" என்று நான் சொன்னபோது பின்னால் மேடம் நின்றுகொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

மேடம் முன்னால் வந்து என்னை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். அறைந்திருந்தால் தேவலை என்று இருந்தது. பிறகு ரத்தினசாமியை உள்ளே கூப்பிட்டுத் தன்னுடைய மேஜைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

"ரத்தினசாமி, உங்க செல்லுல முக்கால்வாசி செத்துப்போச்சு. மூணு தடவை செஞ்சோம், மூணு தடவையும் போச்சு. இன்னும் ஒரு தடவைக்குத்தான் இருக்கு. ஏன் சாவுதுன்னு எனக்குத் தெரியல."

ரத்தினசாமி என் பக்கம் திரும்பவே இல்லை. தன்னுடைய முட்டியைக் கையால் மூடிக்கொண்டார். அந்த முட்டியை வைத்துக்கொண்டு மாதாமாதம் ஆம்பூரிலிருந்து பஸ் பிடித்து, இரண்டு மாடி ஏறி, ஒரு பொய்யைக் கேட்டுவிட்டு இறங்கிப் போயிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெட்கத்தில் காது சுட்டது.

எப்படிச் செய்தீர்கள், முதலிலிருந்து சொல்லுங்கள் என்று கேட்டார். மேடம் ஒரு சக விஞ்ஞானியிடம் சொல்வதுபோல ஒன்றுவிடாமல் சொன்னார். பொடியைக் கரைப்பது, அது புளிப்பாக இருப்பது, சர்க்கரைத் தண்ணீரில் இருக்கும் செல்லை அதோடு கலந்து சட்டென்று கிண்ணத்தில் விடுவது, மேலே சத்துநீரை ஊற்றியதும் கட்டிக்கொள்வது. புளிப்பில் செல் சாகாதா என்று அவர் கேட்டார். சாகும், அதனால்தான் உடனே சத்துநீர் ஊற்றுகிறோம், அதிலிருக்கும் பைகார்பனேட் புளிப்பை முறித்துவிடும், முறிந்ததா என்று நிறத்தைப் பார்த்தாலே தெரியும், புளிப்பு இருந்தால் மஞ்சளாகும், இல்லாவிட்டால் ரோஸ், எங்களுக்கு எப்போதும் ரோஸ்தான் என்றார் மேடம்.

"எது ரோஸு? மேல நிக்கிற தண்ணியா, உள்ள இருக்கிற கட்டியா?"

மேடம் தன்னுடைய நோட்டை இழுத்துப் புரட்ட ஆரம்பித்தார்.

"கட்டி எவ்ளோ தடிப்பு?"

சட்டைப் பொத்தானை மூன்று நாலு அடுக்கினால் வரும் தடிமன் என்று நான் விரலால் காட்டினேன்.

"குறுக்க வெட்டிப் பாத்தீங்களா மேடம்?"

பார்த்தோம், மறுநாள் சாயம் போடும்போது வெட்டித்தான் பார்ப்போம், உள்ளேயும் ரோஸாகத்தான் இருந்தது என்று நான் குறுக்கே விழுந்து சொன்னேன். என்னுடைய வேலையில் குறை சொன்னால் எனக்குப் பொறுக்காது.

"மறுநாள் பாத்தா எல்லாம் ஒரே கலராத்தான் இருக்கும் மேடம். போட்டு அரை மணில வெட்டணும்."

பிறகு அவர் மேடத்திடம் தன்னுடைய வேலையைச் சொன்னார். தோலை முதலில் ஆசிட்டில் ஊறவைப்பார்கள். அப்புறம் சோடாவைப் போட்டு அந்த ஆசிட்டை முறிக்க வேண்டும். ட்ரம்மிலிருக்கும் தண்ணீரைச் சோதித்தால் பத்து நிமிஷத்தில் முறிந்துவிட்டதாகக் காட்டும். அதைப் பார்த்து ட்ரம்மை நிறுத்துகிறவன் மேஸ்திரி இல்லை. ஒரு தோலை வெளியே இழுத்து, அதிகத் தடிப்பான இடத்தில் கத்தியால் கீறி, வெட்டு முகத்தில் ஒரு சொட்டு மருந்து விட வேண்டும். ஓரம் பச்சையாகிவிடும், நடுவில் ஒரு மஞ்சள் கோடு நிற்கும். அந்தக் கோடு இருக்கிறவரைக்கும் உள்ளே ஆசிட் இருக்கிறது. சோடாவை மொத்தமாகக் கொட்டினாலும் ஆகாது. மேல்தோல் கெட்டுப்போகும், நடு அப்படியே இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, ஓட்டி, வெட்டிப் பார்த்து, மறுபடி போட வேண்டும்.

"நாளைக்கு வரைக்கும் வச்சா தானா உள்ள எறங்கிடும் மேடம். தோலு செத்தது, அதுக்கு இன்னா, காத்திருக்கும். உங்களுது உசுரோட கீதே."

அந்த அறையில் மூன்று பேர் இருந்தோம். மூன்று பேருக்கும் சோறு போட்டது தோல்தான். பேரணாம்பட்டில் என் அப்பா இதைப் பற்றி வீட்டில் பேசும்போதெல்லாம் நான் எழுந்து போயிருக்கிறேன். மேடத்தின் குடும்பத்துக்குச் சொந்தமாகவே கம்பெனி இருந்தது. ஆனால் அந்த வீட்டுப் பெண்கள் ட்ரம் இருக்கும் பக்கம் போனதில்லை. ஈரத்தோலைத் தொட்ட ஒருவர், அதுவும் நான் வாசலோடு அனுப்பிக்கொண்டிருந்த ஒருவர் கேட்டபிறகுதான் எங்களுக்கு அன்றைக்கே வெட்டிப் பார்க்கத் தோன்றியது. முதல் தடவையே அவரிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் இரண்டு குழாய் மிஞ்சியிருக்கும்.

காலியான பழைய சீசாக்களின் சுவரில் ஒட்டியிருந்த பொடியைக் கழுவியெடுத்து, செல் எதுவும் இல்லாமல் மேடம் ஒரு கட்டி செய்தார். மேலே சத்துநீர் ரோஸ் நிறத்தில் அழகாக நின்றது. இருபது நிமிஷம் ஆனதும் அதை வடித்துவிட்டு, கட்டியை ஒரு கண்ணாடித் துண்டில் எடுத்து வைத்து, பிளேடால் குறுக்கே அறுத்தார். சத்துநீருக்கு நிறம் கொடுக்கும் அதே சாயத்தில் ஒரு சொட்டை வெட்டு முகத்தில் விட்டார்.

ஓரமெல்லாம் ரோஸ். நடுவில், முட்டையின் கரு மாதிரி, மஞ்சள்.

மேடம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஒன்பது மாதமாக அவர் தேடியது அந்த மஞ்சளைத்தான். "மறுநாளுக்குள்ள இது கரைஞ்சு ரோஸாயிடும், நமக்கு எதுவும் தெரியாது" என்று மெதுவாகச் சொன்னார். ரத்தினசாமி குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் ஜெயித்த களை எதுவும் இல்லை. கேட்டில் உட்கார்ந்து வண்டி நம்பர் எழுதுகிறவர் அப்போது அங்கே இல்லை. மேஸ்திரி நின்றுகொண்டிருந்தார்.

ட்ரம் மாதிரி ஓட்டிவிட்டால் சீக்கிரம் இறங்கும் என்றார். ஓட்டினால் வலை அறுந்துவிடும் என்றார் மேடம். அப்படியானால் தடிப்பைக் குறையுங்கள் என்றார் அவர். மேடம் நோட்டில் கணக்குப் போட்டு, பாதியாகக் குறைத்தால் நேரம் கால் பங்காகிவிடும் என்றார். அப்போது எனக்கு அலமாரியில் கிடந்த வலையடிக் கிண்ணங்கள் ஞாபகம் வந்தன. அடிப்பாகம் சல்லடை மாதிரி இருக்கும். அதில் வைத்தால் சத்துநீர் கீழிருந்தும் ஏறும். அதைச் சொன்னேன். "தோலுக்கும் ரெண்டு பக்கம் உண்டு சார், ரெண்டு பக்கமும்தான் எறங்கும்" என்றார் ரத்தினசாமி. பொய் வெளியான பிறகு அவர் என்னைப் பார்த்துப் பேசிய முதல் வார்த்தை அதுதான். எனக்கு ஏதோ மெடல் குத்தியது போல இருந்தது.

மிச்சமிருந்த கழுவல் பொடியில் இன்னும் இரண்டு கட்டி போட்டுப் பார்த்தோம். தடிமன் பாதி, இரண்டு பக்கமும் சத்துநீர், இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை பழையதை வடித்துப் புதியது. ஐந்தாவது நிமிஷம் வெட்டினால் மயிரிழை மாதிரி மஞ்சள். பத்தாவது நிமிஷம் வெட்டினால் மஞ்சளே இல்லை.

அடுத்த திங்கட்கிழமை கடைசிக் குழாயை எடுத்தோம். செல்லைக் கலந்து, கிண்ணத்தில் விட்டு, மேலும் கீழும் சத்துநீர் ஊற்றினோம். நான் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, அவர் வலை கலையாமல் ஓரமாக வடித்து ஓரமாக விட்டார். ஆறு தடவை. கடைசியாக மூடி வைத்தபோது அவர் உதடு ஏதோ முணுமுணுத்தது. நானும் எனக்குத் தெரிந்த ஜெபத்தைச் சொல்லிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை நான் போனபோது ரத்தினசாமி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். முதல் செவ்வாய் இல்லை அது. கேட் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு முதல் பஸ்ஸிலேயே வந்திருக்கிறார். காலுக்கு உறை, தலைக்குத் தொப்பி, மேலே ஒரு வெள்ளைக் கோட்டு என்று நானே எடுத்துக் கொடுத்து என் அறைக்குள் அவரைக் கூட்டிப்போனேன். தோல் வாடை கூடவே வந்தது. வரட்டும்.

கட்டியைக் குறுக்கே வெட்டிச் சாயம் போட்டு, விளக்கை அணைத்துவிட்டு, மேடம் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். எழுந்து ரத்தினசாமியின் கையைப் பிடித்து அந்த ஸ்டூலில் உட்கார வைத்தார். மஞ்சள், ரோஸ் கணக்கு இதில் கிடையாது, உயிரோடு இருப்பது பச்சை, செத்தது சிவப்பு என்று நான் காதருகே சொன்னேன்.

"இது எந்த எடம்?" என்றார் கண்ணை எடுக்காமல்.

"நடு," என்றார் மேடம். "நட்ட நடு."

"பச்சையாக்கீது மேடம்."

"ஆமா."

"ஓரத்துலருந்து நடு வரைக்கும் பச்சையாக்கீது."

ரத்தினசாமி எழுந்து எனக்கு இடம் விட்டார். நானும் பார்த்தேன். கருப்பு வானத்தில் உருண்டை உருண்டையாகப் பச்சைப் பொட்டுகள், எண்ண முடியாத அளவுக்கு. அங்கங்கே ஒன்றிரண்டு சிவப்பு. அந்த மனிதரின் தேய்ந்த முட்டியிலிருந்து வந்தவை, யாரும் பின்னாத ஒரு வலைக்குள் ராத்திரி முழுவதும் பிழைத்துக் கிடந்திருக்கின்றன. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். இருட்டு அறை, யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன்.

செல் கொடுத்தவர் பெயரை எங்கேயும் எழுதக்கூடாது என்பது விதி. எங்கள் நோட்டில் அவர் வெறும் ஏழாம் நம்பர். அன்றைக்கு மேடம் புதுப் பக்கத்தைத் திருப்பி, 'வழிமுறை: ரத்தினசாமி, ட்ரம் மேஸ்திரி, ஆம்பூர்' என்று முதல் வரியில் எழுதிவிட்டு அதை அவரிடம் காட்டினார். செல் கொடுத்தவர் வேறு ஆள், யோசனை சொன்னவர் வேறு ஆள், விதியை நான் மீறவில்லை என்றார். ரத்தினசாமி எழுத்துக் கூட்டிப் படித்தார். 'மேஸ்திரி' என்ற இடத்தில் அவர் விரல் நின்றது.

அவரைக் கீழே கொண்டுபோய் விட நானும் கூடப் படியிறங்கினேன். பாதிப் படியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"அடுத்த மாசம் வர்றேன் சார்."

"வாங்கண்ணா."

"செத்திருந்தாலும் செத்துச்சுன்னு சொல்லு."

ஏப்ரல் முதல் செவ்வாய் பத்து மணிக்கு அவர் செருப்பு விடும் இடத்தில் வந்து நின்றார். நான் போய் நாற்காலி எடுத்து வந்து போட்டேன். நூற்றுக்குப் பதினொன்று செத்துவிட்டது, மிச்சமிருப்பது தன்னைச் சுற்றிக் குருத்தெலும்பு சுரக்க ஆரம்பித்திருக்கிறது என்று சொன்னேன்.

"பதினொண்ணா?" என்றார். "எந்த எடத்துல?"

வெட்டி வைத்திருக்கிறேன், உள்ளே வந்து பாருங்கள் என்றேன்.